எண்ணெய் சுற்றினால்தான் சூடு இறங்கும்

(டிரான்ஸ்பார்மர் பழுதுபார்ப்பில் நெடுநாள் அனுபவமுள்ளவர் சேலம் வட்டார வாசகர்களுக்கு அளித்த பதில்கள்)

ஆத்தூர், ஜவ்வரிசி ஆலை உரிமையாளர்: எங்கள் 250 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் விசிறியும் இல்லை, பம்பும் இல்லை. சித்திரை வெயிலை எப்படித் தாங்குகிறது ஐயா?

எண்ணெய் தானாகவே சுற்றுகிறது. சுருளை ஒட்டிச் சூடேறிய எண்ணெய் லேசாகி மேலே எழும்பும். தொட்டியின் பக்கத்தில் தகடு தகடாக இருக்கும் ரேடியேட்டருக்குள் புகுந்து, சூட்டைக் காற்றுக்குக் கொடுத்து, கனத்துக் கீழே இறங்கித் தொட்டிக்கே திரும்பும். பெயர்ப்பலகையில் இதை ‘ஓ.என்.ஏ.என்.’ (ஆயில் நேச்சுரல், ஏர் நேச்சுரல்: எண்ணெயும் காற்றும் தானாகவே ஓடுவது) என்று பொறித்திருப்பார்கள். எனக்குக் கவலை உங்கள் மாவுத்தூசிதான். பழுதுக்கு வந்த ஒன்றில், எண்ணெய் கசிந்த தகடுகளுக்கிடையே விரல்கூட நுழையாதபடி மாவு அப்பிக் கிடந்தது. காற்றுக்கு வழியே இல்லை. உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டு மின்சாரத்தை நிறுத்தி, தரையிணைப்புக் கொடுத்த பிறகே சுத்தம் செய்யுங்கள்.

அம்மாபேட்டை, விசைத்தறி நடத்துபவர்: கொதிக்கும்போது தண்ணீர் பீய்ச்சலாமா அண்ணா?

கூடவே கூடாது தம்பி, உயிர் போய்விடும். பளுவைக் குறையுங்கள். பளு இரட்டித்தால் சுருளில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். சுருளின் மிகச் சூடான இடம் 98 டிகிரியைத் தாண்டினால், அதன்பின் ஏறும் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் சுருள் கம்பியைச் சுற்றியுள்ள காப்புக் காகிதத்தின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். கருகிய காகிதத்தை எந்தக் குளிர்ச்சியும் மீட்காது.

ஐந்து ரோடு, அடுக்குமாடிவாசி: எங்கள் கட்டடத்தில் இருப்பதில் எண்ணெயே இல்லையாம். சரிதானா?

சரிதான். அது ரெசினில் வார்த்த உலர் வகை. தீ அபாயம் குறைவு. காற்று மட்டுமே குளிர்விப்பதால் அந்த அறையைப் பழைய சாமான் போடும் இடமாக்காதீர்கள்.

ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்: இங்கே குளிர். எங்களுக்குக் கவலை இல்லைதானே ஐயா?

சூட்டைப் பற்றிப் பெரிதாக இல்லை. 1000 மீட்டருக்கு மேல் காற்று மெலிவதால், ஒவ்வொரு 400 மீட்டருக்கும் அனுமதிக்கும் வெப்ப உயர்வில் 1 டிகிரி கழிப்பார்கள். சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள உங்களுக்கு அது ஒரு டிகிரிக்குச் சற்று மேல்; மலைக்குளிர் ஈடுகட்டிவிடும்.

உங்கள் எதிரி பனிமூட்டம். இரவில் எண்ணெய் ஆறிச் சுருங்கும்போது டிரான்ஸ்பார்மர் வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. அந்தக் காற்றின் ஈரத்தைத் தடுப்பது, காற்று நுழையும் வழியிலுள்ள பிரீதர் குடுவையில் இருக்கும் சிலிக்கா ஜெல் என்ற ஈரமுறிஞ்சி மணிகள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால், ஆரஞ்சு மணிகள் பச்சையானால் அது ஈரத்தால் நிறைந்துவிட்டது. பிறகு ஈரம் எண்ணெய்க்கும் காகிதத்துக்கும் போகும். வேலிக்கு வெளியே நின்றே நிறம் தெரியும்; மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பார்த்து, மாறியிருந்தால் உடனே லைன்மேனிடம் சொல்லுங்கள்.