மோர்மிளகாய் பூஞ்சை பிடிப்பது: காரணமும் சரிசெய்யும் முறையும்

வணக்கம் சகோதரி. அரைக் கிலோ மிளகாய்க்கு இரண்டு ஸ்பூன் உப்பு, அன்று உறைந்த தயிர், முற்றத்துத் தரையில் பாய் விரித்துக் காயவைத்தீர்கள், மூன்றாம் நாள் காம்போரம் வெள்ளைப் பூஞ்சை என்று எழுதியிருக்கிறீர்கள். பூஞ்சை கண்டதைக் கழுவிச் சேர்க்க வேண்டாம். தூக்கிப் போட்டுவிடுங்கள்.

முதல் காரணம் உப்பு. அரைக் கிலோவுக்கு 75 கிராம் கல் உப்பாவது வேண்டும். தயிரும் நன்றாகப் புளித்திருக்க வேண்டும். அரை லிட்டர் தயிரை அதிகம் நீர் விடாமல் கெட்டியாகக் கடைந்துகொள்ளுங்கள். மிளகாயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காம்பை விட்டுவிட்டு நுனிப்பக்கம் சின்னதாகக் கீறுங்கள். கீறாவிட்டால் மோர் உள்ளே இறங்காது, விதைப்பகுதிதான் முதலில் அழுகும். ஜாடியில் இரண்டு இரவு ஊறட்டும், அவ்வப்போது குலுக்கிவிடுங்கள்.

அடுத்தது, முற்றம். நாலு பக்கமும் தாழ்வாரம் இருப்பதால் உச்சி வெயில் மட்டும்தான் நேராக விழும், தரை ஈரம் வேறு கீழிருந்து ஏறும். ஓட்டு வீட்டில் மொட்டை மாடி இருக்காது. கொல்லையில் கயிற்றுக் கட்டில் போட்டு, வெள்ளை வேட்டி விரித்துக் காயவையுங்கள். அடியிலும் காற்று ஓடும். மாலையில் எடுத்து அதே மோரில் போடுங்கள், காலையில் பிழிந்து மறுபடி வெயிலுக்கு. மோர் வற்றும்வரை இப்படியே. பிறகு, குலுக்கினால் கலகலவென்று விதைச் சத்தம் கேட்கும்வரை காயட்டும். நடுவில் மேகம் மூடினால் மோரிலேயே விட்டுவையுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததை வெளியே வைத்தால் மறுபடியும் பூக்கும்.