முதல் முறையாக பாரிஸ் போகிறோம், மூன்றே நாள். அதிகம் நடக்காமல் எதையெல்லாம் பார்க்கலாம்?

பதில் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ‘அதிகம் நடக்காமல்’ என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அதுதான் விடவில்லை. கூட வயதானவர் யாரோ வருகிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லை, எல்லோரும் இருபத்தைந்து வயதுக்காரர்கள் என்றால் இதைத் தாண்டிப் போய்விடுங்கள். உங்களுக்கு வேறு பதில்கள் நிறைய இருக்கும்.

2025 மே மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு நானும் இதே மூன்று நாள் கணக்கில்தான் போனேன். அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. நான் கணக்குப் பிரிவில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறவள். எக்ஸெல் ஷீட்டில் திட்டம் போட்டேன். மூன்று நாளில் 21 இடம். காலைக்கு மஞ்சள், மதியத்துக்குப் பச்சை, சாயங்காலத்துக்கு நீலம். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எத்தனை நிமிடம் என்று தனியாக ஒரு பத்தி வேறு. அலுவலகத்தில் நாலு பேருக்குக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்த ஷீட்டில் படிக்கட்டுக்கு ஒரு பத்தி இல்லை.

பாரிஸ் மெட்ரோ 1900-இல் ஓடத் தொடங்கியது. பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. 14-ஆம் எண் தடம் புதியது என்பதால் அதில் மட்டும் எல்லா நிலையத்திலும் உண்டு. வரைபடத்தில் ஒரு புள்ளியில் இரண்டு தடம் சந்திக்கிறது என்றால், இறங்கி எதிர்ப்பக்கம் ஏறினால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். முதல் நாள் காலை, ஈஃபில் கோபுரத்துக்குப் போகிற வழியில் ஷாத்லே நிலையத்தில் வண்டி மாறினோம். ஐந்து மெட்ரோ தடங்கள் கூடுகிற இடம். ஏறு, இறங்கு, நீளமாக நட, மறுபடி ஏறு. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே வந்தார். நடுவில் நின்று, “சுவாமிமலைக்கே அறுபது படிதாண்டி. அங்க மேல போனா முருகனாவது இருப்பான்” என்றார். சிரிப்பு வந்தது. அவர் மேல்மூச்சு வாங்கியதைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

ஈஃபில் கோபுரம் நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பே இணையத்தில் திறக்கும். திறந்த அன்றே எடுத்துவிட்டேன். எக்ஸெல் ஷீட்டால் கிடைத்த ஒரே லாபம் அதுதான். மதியம் நோத்ர் தாம் தேவாலயம். 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில்தான் திறந்தார்கள். உள்ளே கல் எல்லாம் நேற்று வெட்டியது போல வெளுப்பாக இருக்கிறது. அனுமதி இலவசம். யாராவது டிக்கெட் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அன்றைக்கு ஷீட்டில் இன்னும் நான்கு இடம் பாக்கி இருந்தது. அம்மா தைலம் தேய்த்துக்கொண்டு ஏழு மணிக்கே படுத்துவிட்டார். வெளியே வெயில் பளிச்சென்று அடிக்கிறது. மே மாதத்தில் அங்கே இருட்ட ஒன்பதரை ஆகிவிடும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்கு லூவ்ர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடுக்கு முன்னால் போய் நின்றோம். வரிசையே இல்லை. நம் நேரம் நல்ல நேரம் என்று அம்மாவிடம் சொன்னேன். கதவு பக்கம் போனால் பூட்டியிருக்கிறது. லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை. ஒர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள்தான். “இணையதளத்திலேயே போட்டிருக்கிறதே” என்று பின்னூட்டத்தில் யாரும் வர வேண்டாம். போட்டிருக்கிறது, எனக்கும் தெரியும். டிக்கெட்டை அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். முன்பதிவு செய்ய உட்கார்ந்திருந்தாலே அந்த நாள் இல்லை என்று தெரிந்திருக்கும். தப்பு என்னுடையது.

சரியாக அந்த நேரம் பார்த்து நியூஜெர்சியிலிருந்து அண்ணன் வீடியோ அழைப்பு. நிலைமையைச் சொன்னேன். “அம்மாவை ஏன் இப்படி அலைக்கழிக்கிற? ஒழுங்கா ஒரு டூர் பேக்கேஜ்ல போயிருக்கலாம்ல?” என்கிறான். ஆறு வருடத்தில் இரண்டு முறை ஊருக்கு வந்தவன். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வரவில்லை, இரண்டு கிலோ சாக்லேட் மட்டும் யாரிடமோ கொடுத்தனுப்பினான். சர்க்கரை இருக்கிறவருக்கு. மாத்திரை தீர்ந்தால் வாங்குவது யார், பிசியோதெரபிக்கு ஆட்டோ பிடிப்பது யார் என்று கேட்டால் “நான்தான் பணம் அனுப்புறேனே” என்பான். பணத்துக்குக் கால் முளைத்து மருந்துக் கடைக்குப் போகுமா? உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். எழுத ஆரம்பித்தால் வந்துவிடுகிறது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிரமிடு பக்கத்துத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பையிலிருந்து தட்டையை எடுத்து எனக்கு ஒன்று நீட்டினார். அங்கேயே உட்கார்ந்து போனில் தேடியதில் புதன் மாலை ஆறரைக்கு இரண்டு டிக்கெட் கிடைத்தது. புதனும் வெள்ளியும் லூவ்ர் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். அப்போது 22 யூரோ. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ ஆக்கிவிட்டார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பொழுதை என்ன செய்வது? பக்கத்தில் 69-ஆம் எண் பேருந்து வந்தது, ஏறிவிட்டோம். ஈஃபில் பக்கத்திலிருந்து கிளம்பி ஒர்சே, லூவ்ர், பஸ்டீல் வழியாகப் பேர் லாஷேஸ் கல்லறை பக்கம் போகிற வண்டி. தாழ்தளம், ஒரே ஒரு எட்டு வைத்து ஏறினால் போதும். அப்போது 2 யூரோ, மெட்ரோ டிக்கெட் 2.50. மெட்ரோ டிக்கெட் பேருந்தில் செல்லாது, இரண்டையும் தனித்தனியாக வாங்க வேண்டும். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். ஒரு பாட்டி கையில் நீள ரொட்டியின் முனையைப் பிய்த்துத் தின்றுகொண்டே நடந்ததைப் பார்த்துவிட்டு, “வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பாதி காலி” என்றார். கடைசி நிறுத்தம் வரை போய், அதே எண்ணில் திரும்பி ஈஃபில் வரை வந்தோம். ஷீட்டில் இல்லாத நாள்.

சாயங்காலம் லா ஷப்பேல் பகுதி. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் நடக்கிற தூரம்தான். யாழ்ப்பாணத்துத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கும். பாரிஸ் போய் இடியப்பம் தின்பதா என்று சிலர் எழுதுவார்கள். தாராளமாக எழுதுங்கள். இரண்டு நாள் ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டிய சைவக்காரருக்கு, “வாங்கோ அம்மா, இருங்கோ” என்று ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, சொதியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. அம்மா மூன்றாவது தடவை சொதி கேட்டு வாங்கினார்.

புதன் மாலை லூவ்ர். மோனாலிசா முன்னால் நெருக்கித் தள்ளுகிற கூட்டம், எல்லார் கையிலும் போன். படம் 77-க்கு 53 சென்டிமீட்டர். “மளிகைக் கடைக் காலண்டர் அளவுதானே இருக்கு” என்று அம்மா திரும்பினார். எதிர்ச் சுவரில் வெரோனீஸ் வரைந்த கானா ஊர்த் திருமண விருந்து, கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம். அந்தக் கூட்டமே அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அம்மா இருபது நிமிடம் அதைப் பார்த்தார். மஞ்சள் பட்டு உடுத்தி ஜாடியிலிருந்து ஊற்றுகிறவனைக் காட்டி, “எல்லாரும் உக்காந்துட்டாங்க, பாவம் பந்தி பரிமாறுறவன் இன்னும் நிக்கிறான் பாரு” என்றார்.

ஆக, ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை முன்பதிவு செய்யுங்கள், விடுமுறைக் கிழமையைப் பாருங்கள், மெட்ரோவைக் குறைத்துப் பேருந்தில் போங்கள். விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரை வைக்காதீர்கள்.

அந்த எக்ஸெல் ஷீட்டைக் கேட்டு யாரும் செய்தி அனுப்ப வேண்டாம். அழித்துவிட்டேன்.