ஆர்க்கெஸ்ட்ரா நாற்காலிக்கு அட்வான்ஸ் கேட்கிறாரா? கொடுக்காதீர்கள்

கேள்வி: நாங்கள் பாறசாலைப் பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பம். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறான். சிறு வயதிலிருந்தே சபை பேண்டில் டிராம்போன் (குழாயை இழுத்து நீட்டி ஊதும் பித்தளை வாத்தியம்) ஊதுகிறான். பள்ளிக் கலைவிழாவான கலோற்சவத்தில் பேண்டு மேளத்திலும் இருந்தான். ஆறு லட்சம் கொடுத்தால் எட்டாம் கிரேடு இசைத் தேர்வுச் சான்றிதழ் வாங்கித் தந்து, ஜெர்மனியில் ஒரு சிம்ஃபொனி ஆர்க்கெஸ்ட்ராவில் வேலையும் ஏற்பாடு செய்வதாகத் திருவனந்தபுரத்தில் ஒருவர் சொல்கிறார். முன்பணம் ஐம்பதாயிரம். டிராம்போனையும் அவரிடமே வாங்க வேண்டுமாம். கொடுக்கலாமா? இந்த வேலைக்குப் போகிறவர்கள் எப்படிப்பட்ட இடங்களிலிருந்து போகிறார்கள்?

பதில்: கொடுக்காதீர்கள். ஐம்பதாயிரமும் வேண்டாம், ஐயாயிரமும் வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

அவர் விற்பதாகச் சொல்லும் பொருள் அவர் கையில் இல்லை, யார் கையிலும் இல்லை. ஒரு பெரிய சிம்ஃபொனி ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின்காரர்கள் முப்பது பேர் வரை உட்காருவார்கள். டிராம்போனுக்கு மூன்றே நாற்காலி: முதல், இரண்டாவது, பாஸ் டிராம்போன். அதில் உட்கார்ந்தவர் லேசில் எழுந்திருப்பதும் இல்லை. சிகாகோ சிம்ஃபொனியில் ஜே ஃப்ரீட்மன் 1964-ல் முதல் டிராம்போன் ஆனார். அரை நூற்றாண்டு தாண்டியும் அதே நாற்காலியில் இருந்தார். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் ஜோசப் அலெஸ்ஸி 1985-ல் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாசித்தார். ஒரு இடம் காலியானால் அதை ஊரறிய அறிவிப்பார்கள். உலகத்தில் டிராம்போன் ஊதுகிற பாதிப் பேர் அதற்கு விண்ணப்பிப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறிவிப்பு நம்முடைய ஏஜென்ட் வீட்டு வாசலுக்கு மட்டும் ரகசியமாக வந்து சேருமா?

தேர்வு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கே விளங்கிவிடும். அமெரிக்காவில் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நின்று ஊத வேண்டும். ஆணா பெண்ணா, கறுப்பா வெளுப்பா என்று தேர்வுக் குழுவுக்குத் தெரியாது. செருப்புச் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று தரையில் கம்பளம் விரிப்பதும் உண்டு. மொசார்ட்டின் ரெக்வியத்தில் வரும் தனி வாசிப்பு, ராவெலின் பொலேரோவில் வரும் உயரமான தனி வாசிப்பு, வாக்னரின் வால்கிரி சவாரி, இப்படி முன்கூட்டியே சொல்லிவிட்ட சில துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஊதச் சொல்வார்கள். ஒரு துண்டு ஒரு நிமிடம்கூட இருக்காது. சுற்று சுற்றாக ஆட்களைக் கழிப்பார்கள். ஜெர்மனியில் முதலில் விண்ணப்பத்தைப் பார்த்துத்தான் அழைப்பே அனுப்புவார்கள். பிறகு ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கிறவர்களே கேட்டு ஓட்டுப் போடுவார்கள். தேறினாலும் வழக்கமாக ஓராண்டு சோதனைக் காலம் உண்டு. அது முடிந்ததும் மறுபடி ஓட்டு. இத்தனை காதுகளுக்கும் ஆறு லட்சத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கப் போகிறாரா உங்கள் ஆள்?

சிபாரிசு பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். 1980-ல் மியூனிக் ஃபில்ஹார்மோனிக்கில் முதல் டிராம்போன் இடத்துக்குத் தேர்வு நடந்தது. போட்டிக்கு வந்தவர்களில் ஒருவர் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களுக்குத் தெரிந்தவரின் மகன். பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்று அன்றைக்குத் திரை போட்டார்கள். திரைக்குப் பின்னால் ஊதி ஜெயித்தவர் ஏபி கானன்ட் என்ற அமெரிக்கப் பெண். அழைப்புக் கடிதத்திலேயே அவரை ஆண் என்று நினைத்துத்தான் எழுதியிருந்தார்கள். வேலை கிடைத்த பிறகு அவரை இரண்டாம் இடத்துக்கு இறக்கினார்கள். மூச்சு போதாது என்று சொல்லி மருத்துவச் சோதனைக்கெல்லாம் ஓட வைத்தார்கள். அவர் நீதிமன்றத்துக்குப் போனார். பதவியையும் சம்பளத்தையும் முழுதாகத் திரும்ப வாங்க 1993 ஆகிவிட்டது. அங்கேயும் அநியாயம் நடக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சிபாரிசுக்காரப் பையனுக்காகப் போட்ட திரையே அந்தப் பையனைக் கழித்துவிட்டது, பாருங்கள்.

எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டீர்கள். உங்கள் மகன் மாதிரி இடங்களிலிருந்தும் வருகிறார்கள். பிரிட்டனில் பித்தளை வாத்தியக்காரர்கள் பலர் ஊர் பேண்டிலும் சபை பேண்டிலும் வளர்ந்தவர்கள்தான். நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி நடத்துகிறதே, அதே இரட்சணிய சேனையின் (சால்வேஷன் ஆர்மி) பேண்டுகள் பிரிட்டனில் ஒரு பள்ளிக்கூடம் போல. லண்டன் சிம்ஃபொனியில் முதல் டிராம்போனாக இருந்த டட்லி பிரைட் அந்தச் சேனை பேண்டுக்காரர். அதே நாற்காலியில் அவருக்கு முன்னால் இருந்த இயன் பௌஸ்ஃபீல்ட் 1964-ல் யார்க் நகரில் பிறந்தவர். யார்க்ஷயரின் பித்தளை பேண்டில் ஊதி வளர்ந்தவர். ஹாலே ஆர்க்கெஸ்ட்ரா, லண்டன் சிம்ஃபொனி என்று போய், 2000-ல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கில் சேர்ந்தார். இன்னொரு வகையினருக்கு வீட்டிலேயே சங்கீதம். அலெஸ்ஸியின் அப்பா டிரம்பெட்காரர், அம்மா ஓபரா பாடகி. இந்த இரண்டு வகைக்கும் பொதுவான சங்கதி, பதினெட்டு இருபது வயதுக்குள் ஒரு கன்சர்வேட்டரியில் (மேற்கத்திய இசைக் கல்லூரியில்), ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்த வாத்தியாரிடம் போய்ச் சேர்ந்துவிடுவதுதான். சுவீடனின் கிறிஸ்டியன் லிண்ட்பெர்க் பதினேழு வயதில் டிராம்போனைத் தொட்டு பத்தொன்பதில் ஸ்டாக்ஹோம் ஓபரா ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்தார் என்று ஏஜென்ட் சொல்வார். உண்மைதான். அப்படி ஒருவர் இருந்தார்.

தேர்வு வழியாகத்தான் உள்ளே போக முடியும் என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஏஜென்ட்கள் அதைத்தான் பிடித்துத் தொங்குவார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். தேர்வே எழுதாமல் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்க முடியும். எப்படி? மாற்று ஆளாக. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் விடுப்பு, ஒரு படைப்புக்கு நாலாவது டிராம்போன் வேண்டும்: அப்போது யாரையாவது கூப்பிட வேண்டும். லண்டனில் இதுவே ஒரு தொழில். முதல் டிராம்போன்காரர் தன் மாணவரின் பெயரைச் சொல்வார். மேனேஜர் போன் போடுவார். பையன் கறுப்புச் சட்டையோடு வந்து நிற்பான். ஒழுங்காக வாசித்தால் அடுத்த வாரமும் போன் வரும். இடம் காலியாகும்போது இப்படி வாசித்துப் பழகினவர்களைச் சில வாரம், சில மாதம்கூட உட்கார வைத்துப் பார்ப்பார்கள். அதற்குச் சோதனை வாசிப்பு என்று பெயர். ஆக, அறிமுகம் வேலை செய்கிறது என்பது பொய் இல்லை. ஆனால் அறிமுகம் செய்கிறவர் பக்கத்து நாற்காலிக்காரர். அவர் பெயரைச் சொல்வது தன் மானத்தை அடகு வைத்து. பையன் சொதப்பினால் அவருக்குத்தான் தலைகுனிவு. திருவனந்தபுரத்தில் உட்கார்ந்திருக்கிற உங்கள் ஆளுக்கு அடகு வைக்க என்ன இருக்கிறது? அதுவும் போக, மாற்று ஆள் வேலைக்கு அந்த ஊரில், ரயிலில் போய்ச் சேரும் தூரத்தில், விசா பிரச்சினை இல்லாமல் இருக்க வேண்டும். பாறசாலையிலிருந்து சாயங்கால ரிகர்சலுக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். எனவே உங்கள் விஷயத்தில் இந்த விதிவிலக்கு, பையன் அங்கே போய்ப் படித்த பிறகுதான் பிறக்கிறது.

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்புகள் இரண்டிலும் டிராம்போனுக்குத் தேர்வு உண்டு. கட்டணத்தை வெளிப்படையாகவே போடுகிறார்கள். நீங்களே பதிவு செய்யலாம். எட்டாம் கிரேடு என்பது கன்சர்வேட்டரி வாசலில் நிற்கத் தகுதி, அவ்வளவுதான். அதை எந்த ஆர்க்கெஸ்ட்ராவும் கேட்பதில்லை. "வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னாலே எழுந்து வந்துவிடுங்கள்.

ஜெர்மனியை ஏன் சொல்கிறார் தெரியுமா? அங்கே அரசு இசைக் கல்லூரிகளில் பெரும்பாலும் படிப்புக் கட்டணமே கிடையாது. சில இடங்களில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் உண்டு; பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. இலவசமாகக் கிடைப்பதை விற்பதில்தான் லாபம் அதிகம். மாணவர் விசாவுக்கு ஒரு வருடச் செலவுப் பணத்தை முடக்கக் கணக்கு (blocked account) என்ற வங்கிக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. அந்தத் தொகை உங்கள் மகன் பெயரில், மாதாமாதம் அவனே எடுத்துச் சாப்பிடுகிற பணம். அதையே "கல்லூரிக் கட்டணம்" என்று சொல்லி வாங்கிக்கொள்கிற மகாராசன்கள் இருக்கிறார்கள். இந்தப் பணத்தை எந்த மனிதர் கையிலும் கொடுக்கக் கூடாது.

வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் என்றால் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும். பதிவு உள்ளவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஆறு லட்சம் என்ற கணக்கு எந்தச் சட்டத்தில் இருக்கிறது? பதிவு எண்ணைக் கேளுங்கள், அரசின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். நீங்கள் கேரளத்தில் இருப்பதால் திருவனந்தபுரத்தில் வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அரசுத் துறையான நோர்க்காவின் அலுவலகம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள். "நான் வேலை ஏஜென்ட் இல்லை, கல்வி ஆலோசகர்" என்று உடனே சட்டையை மாற்றிக்கொள்வார். அப்படியானால் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்.

நம் நாட்டில் என்ன வழி என்று கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இத்தனை பெரிய தேசத்தில் முழுநேரத் தொழில்முறை சிம்ஃபொனி ஆர்க்கெஸ்ட்ரா என்றால் மும்பையில் 2006-ல் தொடங்கிய ஒன்றைத்தான் காட்ட முடிகிறது. அதிலும் வெளிநாட்டவர்தான் அதிகம். கலோற்சவத்தில் பேண்டு மேளத்துக்கு கிரேஸ் மார்க் கொடுப்பார்கள். மார்க் வந்த மறுநாளே வாத்தியங்களைப் பீரோவில் பூட்டிவிடுவார்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரசு இசைக் கல்லூரிகள் கர்நாடக சங்கீதத்துக்குத்தான். டிராம்போனைத் தூக்கிக்கொண்டு போனால் வாசலிலேயே சிரிப்பார்கள். மிச்சம் இருப்பது படை. கடற்படையில் அக்னிவீர் இசைக்கலைஞர் என்று தனியாக ஆள் எடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பும் வாத்தியத் திறமையும் போதும். வயது வரம்பை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். ஒடிசாவின் சிலிக்காவில் அடிப்படைப் பயிற்சி, பிறகு மும்பையில் இசைப் பயிற்சி. நாலு வருடம் முடிந்து நூற்றுக்கு 25 பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்பது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு. இருந்தாலும் சம்பளத்தோடு தினமும் ஊத வாய்ப்பு. இதற்கும் "உள்ளே ஆள் இருக்கிறது" என்று காசு கேட்பார்கள். தனியாக எச்சரிக்க வேண்டுமா?

ஆறு லட்சம் திரட்ட முடியும் என்றால் அதை மகன் மேலேயே செலவழியுங்கள். முதலில் இசைக் குறியீட்டைப் பார்த்து வாசிக்கும் படிப்பு. பிரிட்டிஷ் வழி வந்த பேண்டுகளில் டெனர் டிராம்போனுக்கு ட்ரெபிள் கிளெஃபில் (கிளெஃப் என்பது எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்டும் குறி) எழுதித் தருவார்கள். நம் ஊரில் பலர் கேள்வி ஞானத்திலேயே ஓட்டிவிடுவார்கள். ஆர்க்கெஸ்ட்ராவில் பாஸ், டெனர், ஆல்ட்டோ என்று மூன்று கிளெஃபும் தடையில்லாமல் வாசிக்க வேண்டும். இதற்கு ஒரு வருடம் தினமும் உட்கார வேண்டும். அடுத்தது ஜெர்மன் மொழி. பல கல்லூரிகள் பி1 என்ற இடைநிலை அளவாவது எதிர்பார்க்கும். அதைக் கற்றுத் தரும் கோத்தே சென்ட்ரம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. மூன்றாவது, ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்த ஒருவரிடம் ஆன்லைனிலாவது பாடம். முதல் பாடத்திலேயே அவர் "இவனுக்கு இது வேண்டாம்" என்று சொன்னாலும் அதற்குக் கொடுத்த காசு வீண் இல்லை.

கடைசியாக அந்த டிராம்போன். "ஆர்க்கெஸ்ட்ரா மாடல்" என்று பளபளப்பாக ஒன்றைக் காட்டியிருப்பார். ஆர்க்கெஸ்ட்ராவில் டெனர் டிராம்போனுக்கு வழக்கமாகக் குழாய் விட்டம் 0.547 அங்குலம், அதாவது 13.9 மில்லிமீட்டர், கூடவே இடது கட்டைவிரலால் திருப்புகிற, சுருதியை இறக்கும் எஃப் வால்வு இருக்கும். பாக் 42, கான் 88 மாடல்கள் எல்லாம் இந்த வகை. மாணவர் டிராம்போன்கள் பெரும்பாலும் 0.500 சுற்றில் இருக்கும். படிக்க அதுவே போதும். மீரட்டில் செய்து வருபவை பவனிக்கும் கல்யாணத்துக்கும் சரி, தேர்வுக்குச் சரிவராது. எதை வாங்கினாலும் கடையிலேயே ஸ்லைடை, அதாவது இழுக்கும் குழாயை, சோதியுங்கள். டிராம்போனைச் செங்குத்தாகப் பிடித்து, பூட்டைத் திறந்து, வெளிக் குழாயை மெல்ல விடுங்கள். கீழே ஒரு கை தாங்கிக்கொண்டு இருக்கட்டும். அது தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் தட்டினாலும், உரசினாலும், விலை பேசாமல் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.