நல்ல புத்தகங்களை எப்படித் தேடுகிறீர்கள்? பிறந்தநாள் கொண்டாடுவீர்களா?

அடுத்த மாதம் உங்களுக்கு முப்பத்தைந்து முடிகிறது, கேக் வெட்டுவதில் மனம் ஒட்டவில்லை, அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கலாம் என்றால் எதை வாங்குவது என்று தெரியவில்லை, இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் எல்லாம் அதே பத்துப் பெயர்கள்தான் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கேள்வியாகக் கேட்டிருந்தாலும் என் அனுபவத்தில் ஒன்றுக்கு இன்னொன்றுதான் பதில். அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் பிறந்தநாள். எங்கள் வீடு சேலம் அம்மாபேட்டையில். அப்பா தறி நெய்தவர். அவருடைய சான்றிதழில் ஜூன் மாதத் தேதி ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லி, விரல் எட்டியதும் வாத்தியார் தோராயமாக எழுதிக்கொண்ட தேதி அது. பாட்டி கணக்குப்படி அப்பா பிறந்தது ஆடியில், கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிந்த அடுத்த வாரம். அவர் தலைமுறையில் பாதிப் பேருக்கு இப்படித்தான். பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் வந்ததே 1969-இல்தானே. அப்பா இரண்டு நாளையும் கொண்டாடியதில்லை. அதற்காக வருத்தப்பட்டும் நான் பார்த்ததில்லை.

எனக்கு அம்மா நட்சத்திரம் பார்ப்பார். மாதமும் நட்சத்திரமும் சேருகிற நாள் ஆங்கிலத் தேதியோடு எப்போதாவதுதான் ஒத்துப்போகும், அதனால் ஒவ்வொரு வருடமும் நாள் முன்னே பின்னே நகரும். காலையில் தலைக்கு எண்ணெய், கோயிலில் ஒரு அர்ச்சனை, மதியம் ஜவ்வரிசிப் பாயசம். குச்சிக்கிழங்கும் சேகோ ஆலையும் உள்ள ஊரில் ஜவ்வரிசிக்கு எப்போதும் பஞ்சமில்லை. அவ்வளவுதான் கொண்டாட்டம். அது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது அம்மா இல்லை. பாயசம் நானே வைத்துக்கொள்கிறேன். ஆனால் பஞ்சாங்கத்தைப் புரட்டி, 'இந்த வருசம் உனக்கு வியாழக்கிழமை வருது' என்று சொல்ல ஆள் இல்லை. பிறந்தநாள் நெருங்கும்போது மனம் கனப்பதற்கு வயது ஏறுவது மட்டும் காரணமில்லை. யார் யார் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் துல்லியமாகத் தெரிகிறது.

அதே சமயம் என் அண்ணன் மகளின் பிறந்தநாளுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பேன். ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே நாள் எண்ணுகிற குழந்தையிடம் நம் சோர்வைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது. அலுவலகத்தில் கேக் வெட்டினாலும் கை தட்டுவேன். என் முறை வரும்போதுதான் தவிப்பு. எல்லோரும் பாசமாகத்தான் செய்கிறார்கள், ஆனால் அந்த ஐந்து நிமிடம் என்னைப் பற்றியதாக எனக்குத் தோன்றியதில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

பிறந்தநாள் எனக்குச் செய்கிற ஒரு உபகாரம், கணக்குப் போட வைப்பது. வேலைக்குப் போகிற ஒருவர் மாதம் இரண்டு புத்தகம் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 24. இன்னும் முப்பது வருடம் கண் பார்வையும் ஓய்வும் கிடைத்தால் 720. ஒரு சின்னக் கிளை நூலகத்தின் இரண்டு மூன்று அலமாரிக்குள் அடங்கிவிடும். தமிழில் படிக்க வேண்டியதே மலையளவு இருக்கும்போது இந்த 720-இல் எதற்கு இடம் கொடுப்பது? நாற்பது தாண்டிய பிறகு இந்தக் கேள்வி எனக்கு உண்மையான கேள்வியாகிவிட்டது. அதிலிருந்துதான் ஐம்பது பக்கம் தாண்டியும் ஒட்டாத புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறேன், அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி.

இப்போது தேடுவது. பட்டியல்கள் உங்களுக்குப் பயன்படாததற்குக் காரணம், அவற்றைப் போட்டவருக்கு உங்களைத் தெரியாது. அதனால்தான் நானும் இங்கே ஒரு பட்டியல் தரவில்லை. எனக்கு வாய்த்த நல்ல புத்தகங்களில் பெரும்பாலானவை, என்னை அறிந்த ஒருவர் தான் படித்த பிரதியை எடுத்துக் கொடுத்தவை.

என் மாமா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். சேலத்திலிருந்து பஸ் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். மேலே மழையும் மூடுபனியும் சேர்ந்து வருடத்தில் பாதி நாள் வீட்டுக்குள் ஈரம் நிற்கும், புத்தகங்களுக்கு அது ஆகாது. அட்டையில் பூஞ்சை பூக்கும், தாள் நெளியும். மாமா தன் புத்தகங்களைத் தகரப் பெட்டியில் வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் போட்டு வைத்திருப்பார். காபி அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் நல்ல வெயில் வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துத் திண்ணை நிழலில் விரித்து வைப்பார். நேர் வெயிலில் வைத்தால் தாள் பழுத்துவிடும் என்பார். என் பிறந்தநாளும் அந்தப் பருவத்தில்தான் வரும். ஒரு வருடம் கேக், வாழ்த்து எல்லாவற்றிலிருந்தும் தப்பித்து அங்கே போயிருந்தேன். 'எனக்கு என்ன கொடுப்பீங்க மாமா' என்று கேட்டதற்கு அவர், 'அதோ காயுதே, அதுல ஒண்ணை எடுத்துக்க கண்ணு' என்றார்.

எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே எழுந்து வந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வங்காளத்திலிருந்து தமிழுக்கு வந்த நாவல், முதுகு பிய்ந்து நூல் தெரிந்தது. நடுவில் அடையாளத்துக்காகப் பழைய சம்பளக் கவரின் கிழிசல் ஒன்று. ஒரு பக்கத்தின் ஓரத்தில் மாமாவின் பென்சில் எழுத்து: 'இது தப்பு. எந்த அம்மாவும் மகனிடம் இப்படிப் பேச மாட்டாள்.' நிறையப் பக்கங்கள் தள்ளி இன்னொரு ஓரத்தில் ஒரே சொல்: 'பேசுவாள்.' நாவலைக் கீழே வைக்க முடியாமல் போனதற்கு அந்த ஒரு சொல்லும் காரணம். அந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவே அவருக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளவே படித்தேன் என்றுகூடச் சொல்லலாம். கடையில் வாங்கிய புதுப் பிரதியில் இது கிடைத்திருக்காது.

அன்றிலிருந்து பிறந்தநாளை இப்படி வைத்துக்கொண்டிருக்கிறேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு 'என்ன வேணும்' என்று யார் கேட்டாலும், அவர்கள் படித்து முடித்த ஒரு புத்தகம் வேண்டும் என்கிறேன். புதிதாக வாங்கக் கூடாது, வீட்டில் இருப்பதே வேண்டும், திருப்பித் தர வேண்டுமென்றால் தந்துவிடுகிறேன். மற்ற நாளில் இப்படிக் கேட்டால் ஒரு மாதிரியாக இருக்கும். பிறந்தநாளன்று யாரும் மறுப்பதில்லை, உரிமையோடு கேட்டதில் சந்தோஷம்தான் படுகிறார்கள். ஒருவரிடம் புத்தகம் கேட்பது, அவர் மனதில் எது தங்கியிருக்கிறது என்று கேட்பதுதான். கேக்கின் முன்னால் எனக்குக் கிடைக்காத நெருக்கம் இதில் கிடைக்கிறது.

கேட்கிற விதம் முக்கியம். 'உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது' என்று கேட்டால் பெரிய பெயர்தான் வரும், சொல்லக் கூச்சமில்லாத பெயர். 'எதைப் படித்து முடித்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது?', 'எதை இரண்டாவது முறை எடுத்தீர்கள்?', 'எதைப் படித்துவிட்டு அன்று தூக்கம் வரவில்லை?' இப்படிக் கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையான பதில் சொல்வார்கள். நிறையப் படிக்கிறவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். வாழ்நாளில் நாலு புத்தகம் படித்தவரிடம் அந்த நாலில் ஒன்று வைரமாக இருக்கும். எங்கள் தெருவில் மின்வாரியத்தில் வேலை பார்த்த ஒருவர் எனக்குக் கொடுத்த தன்வரலாறு எந்தப் பட்டியலிலும் நான் பார்க்காதது. தன் தொழிலைப் பற்றி ஒரு மனிதர் அவ்வளவு நுணுக்கமாக எழுத முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

கேட்க ஆள் இல்லாத சமயத்தில் நூலகம். நம் வீட்டு வரி ரசீதைப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். 1948-இல் சென்னை மாகாணத்தில் போட்ட பொது நூலகச் சட்டத்திலிருந்து வருவது அது. கட்டுகிறோம், போவதில்லை. சேலத்தில் மாவட்ட மைய நூலகம் தவிர பகுதிக்குப் பகுதி கிளை நூலகங்களும் இருக்கின்றன. அங்கே நான் நேராக அலமாரிக்குப் போவதில்லை. நூலகர் மேஜையில் அன்று திரும்பி வந்து இன்னும் அடுக்காத புத்தகங்கள் கிடக்கும், முதலில் அதைத்தான் புரட்டுவேன். அவை யாரோ நம் ஊர்க்காரர் போன வாரம் வீட்டுக்கு எடுத்துப்போய் படித்தவை.

அடுத்தது, பின்பக்கம் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு. வரிசையாக மாதத்துக்கு மாதம் முத்திரை விழுந்திருந்தால் அது ஒரு காலத்தில் எல்லோரும் படித்த புத்தகம், நன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 1994, அப்புறம் 1999, 2004, 2011 என்று இடைவெளி விட்டு விட்டு முத்திரை விழுந்திருந்தால் நான் யோசிக்காமல் எடுத்துவிடுவேன். விளம்பரம் இல்லை, புது அட்டை இல்லை, ஆனாலும் சில வருடத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவர் அதைத் தேடி வந்திருக்கிறார். கணினி வந்த இடங்களில் இந்தச் சீட்டு வெறுமையாக இருக்கும். அங்கே நூலகரிடம் கேளுங்கள். பெரும்பாலானோர் அவரிடம் நேரம்தான் கேட்கிறார்கள், புத்தகம் கேட்டால் முகம் மலரும்.

சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1931-இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அதில் இரண்டாவதும் மூன்றாவதும். பட்டியல்களில் விடுபட்டுப்போவது இந்த மூன்றாவதுதான். நீங்கள் தேடுவது போலவே, உங்களுக்கென்று எங்கோ ஒரு அலமாரியில் ஒரு புத்தகம் காத்திருக்கிறது. ரங்கநாதன் பிறந்த ஆகஸ்ட் 12-ஐத்தான் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது 2010 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15, காமராசர் பிறந்தநாள். பிறந்தநாள் கொண்டாட்டமே வேண்டாம் என்று நானே ஒரு காலத்தில் பேசியிருந்தாலும், இதைப் போன்ற கொண்டாட்டம் என்றால் எனக்கு மறுப்பே இல்லை.

புத்தகத் திருவிழா பற்றியும் ஒரு வார்த்தை. சேலத்தில் நடக்கும்போது அவசியம் போங்கள், ஆனால் முதல் நாளே பை நிறைய வாங்காதீர்கள். முதல் பக்கம் எல்லோரும் நன்றாக எழுதுவார்கள், அதனால் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து நின்றுகொண்டே படியுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயர் அட்டையிலோ உள்ளேயோ தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள், அந்த மரியாதை தராத பதிப்பை நான் வாங்குவதில்லை. காசு செலவழிக்காமல் பழைய நூல்கள் வேண்டுமென்றால் இணையத்தில், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்தொகுப்பும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் இருக்கின்றன. நாட்டுடைமையான நூல்கள் நிறைய அங்கே கிடைக்கும்.

கேக்குக்கு ஒதுக்கிய காசை என்ன செய்வது என்றால், உங்கள் தெருவுக்குப் பக்கத்துக் கிளை நூலகத்தில் 1000 ரூபாய் கட்டிப் புரவலராகச் சேர்ந்துவிடுங்கள். அப்பாவின் பெயரில் நான் அப்படிக் கட்டினேன், பலகையில் அவர் பெயரைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் பிறந்தநாள் வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் முந்தின நாளே போய்விடுங்கள். வெள்ளியன்று கிளை நூலகங்களுக்கு விடுமுறை.