தாழ்ப்பாளைத் திறந்துவிட்டுப் படுங்கள்

கேள்வி: எனக்கு முதல் குழந்தை, பெண், பிறந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. என் தந்தை பக்கவாதத்தில் படுத்திருப்பதால் தாய்வீட்டில் மூன்று மாதம் தங்க முடியாமல், நாற்பதாம் நாளிலேயே கரூரில் உள்ள கணவர் வீட்டுக்கு வந்துவிட்டேன். கணவருக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு இரவு கிளம்பிவிடுவார். களைத்து வருகிறவரை எழுப்ப எனக்கு மனம் வருவதில்லை. குழந்தை இரவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போலத் தூங்குவதில்லை. நாத்தனாரின் குழந்தை நாற்பது நாளிலேயே விடிய விடியத் தூங்கியதாம். பால் கொடுத்தபடியே நான் நாற்காலியில் கண்ணயர்ந்துவிடுகிறேன். அழுகைச் சத்தம் கேட்டு மாமியார் கதவைத் தட்டுவார். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று இப்போது தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் அவர் குழந்தையின் நாக்கில் வசம்பு தடவிவிட்டார். இணையத்தில் தூக்கப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். இரவில் மட்டும் புட்டிப்பால் கொடுத்தால் ஆறு மணி நேரமாவது தூங்குவாளா?
— வாசகி, கரூர்

பதில்: மாமியாரைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதாகப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். குழந்தையின் தூக்கத்துக்கு வருவதற்கு முன்னால் அந்த வரியைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

தூங்கிக்கொண்டிருப்பவர் யாரும் எழுந்துவந்து கதவைத் தட்டுவதில்லை. உங்கள் மாமியார் தட்டும்போதே விழித்துவிட்டார். தாழ்ப்பாளால் அவருக்குத் தூக்கம் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. பேத்தி உள்ளே அழுவதைக் கேட்டுக்கொண்டு, கதவுக்கு வெளியே அவர் இருட்டில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். ஆகவே நீங்கள் சொல்லும் காரணம் உண்மையான காரணமாக இருக்க முடியாது. உண்மையான காரணங்கள் இரண்டும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன: ஒன்று, அவர் தடவிய வசம்பு, மற்றொன்று, நாற்பது நாளில் தூங்கிப்போன நாத்தனாரின் குழந்தை. முதலாவது பயம், இரண்டாவது ரோஷம். பயத்தில் நியாயம் இருக்கிறது. ரோஷத்தில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

இவற்றோடு நாற்காலியையும் சேர்த்துப் பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியிலோ சோபாவிலோ கண்ணயர்வது, பச்சிளம் குழந்தையோடு செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியங்களில் ஒன்று. குழந்தை நழுவி இடுக்கில் சிக்கினாலும், உங்கள் மார்பிலேயே முகம் அழுந்தி மூச்சு முட்டினாலும், ஏழு வாரக் குழந்தைக்குத் தன்னை விடுவித்துக்கொள்ளும் வலு கிடையாது. அப்போது அதைப் பார்த்துக் கையில் வாங்கக்கூடிய ஒரே மனிதரை வெளியே நிறுத்தி நீங்கள் தாழிட்டிருக்கிறீர்கள். உங்கள் மனம் புண்படும் என்று தெரிந்தேதான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். இன்றிரவு முதல் அந்தத் தாழ்ப்பாள் விழக் கூடாது. பால் கொடுக்கும்போது கண் சொருகினால் நாற்காலியை விட்டு எழுந்து, மாமியாரைக் கூப்பிட்டுக் குழந்தையைக் கொடுங்கள்.

இனி குழந்தையைப் பற்றி. பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை தூங்கும். ஆனால் அதை இரவு, பகல் என்று பிரித்துக்கொள்ளும் கடிகாரம் அதன் உடம்பில் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. இருட்டியதும் சுரந்து தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின், ஒழுங்கான தாளத்துக்கு வரவே ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். இரைப்பையோ சிறியது, தாய்ப்பால் விரைவில் செரித்துவிடும், அதனால் இந்த வயதில் ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிப்பது இயல்பு. அழுகையும் ஆறாம் வார வாக்கில்தான் உச்சத்தில் இருக்கும், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. உங்கள் மகள் தன் வயதுக்கு உரியதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். ஏழு வாரக் குழந்தையிடம் ஆறு மணி நேரத் தூக்கத்தை எதிர்பார்ப்பதே தவறு. கனடாவில் குழந்தைகளின் தூக்கத்தை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வொன்றில், ஆறு மாதக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை இரவில் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம் தூங்கவில்லை என்று தெரியவந்தது. நாத்தனாரின் குழந்தை நாற்பது நாளில் தூங்கியது உண்மையாகவே இருக்கட்டும். அது அந்தக் குழந்தையின் சுபாவம். அதை வைத்து உங்களை யாரும் அளக்க வேண்டியதில்லை, நீங்களும் அளந்துகொள்ள வேண்டியதில்லை.

புட்டிப்பால் கொடுத்தால் தூங்கிவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் இரவில்தான் அதிகமாக இருக்கும். இரவுப் பாலூட்டலை நிறுத்தினால் சில வாரங்களில் பகலிலும் பால் குறைந்துவிட்டதென்று இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். பணம் கட்டிய வகுப்பைப் பொறுத்தவரை, குழந்தையை அழவிட்டுத் தானாகத் தூங்கப் பழக்கும் முறைகளை ஆதரிக்கும் மருத்துவர்களே நான்கு முதல் ஆறு மாதம் வரை காத்திருக்கத்தான் சொல்கிறார்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

வசம்புக்கு வருகிறேன். இந்த ஒரு விஷயத்தில் நான் முழுமையாக உங்கள் பக்கம். வசம்பில் பீட்டா அசரோன் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் அதை உணவில் சேர்ப்பதை 1968ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டார்கள். சுட்டு உரைத்தாலும் பச்சிளம் குழந்தையின் நாக்கில் அதைத் தடவக் கூடாது. தேன் வேண்டாம், ஒரு வயது வரை அது கொடிய நஞ்சேற்றத்துக்கு இடம் கொடுக்கும். மூக்கில் எண்ணெய் விட வேண்டாம், அது நுரையீரலுக்குள் போகும். கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், வெறும் தண்ணீர் எதுவுமே ஆறு மாதம் வரை தேவையில்லை. இதையெல்லாம் மாமியாரிடம் பகலில், நேருக்கு நேராக, மரியாதையோடும் உறுதியோடும் சொல்லுங்கள்: "அத்தை, குழந்தையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் என் பாலைத் தவிர வேறெதுவும் அவள் வாய்க்குள் போகக் கூடாது." சொல்ல வேண்டியதைச் சொல்லும் துணிவில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். ஒரு நாளைய பேச்சில் முடிந்திருக்க வேண்டியது, இரவுதோறும் மூன்று பெண்களின் தூக்கத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. உங்கள் மாமியாருக்கும் ஒரு வார்த்தை, இதை அவரிடம் படிக்கக் கொடுங்கள்: அம்மா, பிள்ளை வளர்த்த அனுபவம் உங்களுடையது, ஆனால் இந்தக் குழந்தைக்கு என்ன கொடுப்பது என்பதில் அதைப் பெற்றவளின் சொல்லே முடிவு. மருமகளைக் கேட்காமல் குழந்தையின் வாயில் எதையும் வைப்பது உரிமை ஆகாது.

குழந்தையின் தூக்கத்தை இப்போதைக்கு அதிகம் நீட்ட முடியாது. உங்கள் தூக்கத்தை நீட்டலாம். இரவு ஒன்பது மணிக்குப் பால் கொடுத்ததும் குழந்தையை மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு உடனே படுத்துவிடுங்கள். பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, கைபேசி பார்ப்பது எதுவும் கூடாது. அடுத்த பசிக்கு அவர் உங்களை எழுப்பட்டும். அதுவரை அழுகை, ஏப்பம், ஈரத்துணி எல்லாம் அவர் பொறுப்பு. நள்ளிரவு நேரம் உங்களுடையதாக இருக்கட்டும். விடியற்காலையில் பால் கொடுத்த பிறகு மீண்டும் குழந்தை அவரிடம் போகட்டும். நீங்கள் ஏழு மணி வரை தூங்குங்கள். பிள்ளை பெற்றவள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று யாராவது கணக்குப் பார்த்தால் பார்க்கட்டும். ஒரு பச்சிளம் குழந்தையை ஒருத்தி தனியாக விழித்திருந்து வளர்ப்பதைப் பெருமையாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை. குழந்தை அந்த வீட்டுக்கே பிறந்தது; வீட்டில் உள்ள அத்தனை பேரும் அதற்காகத் தூக்கம் கெட வேண்டியவர்கள்தான்.

இரவு பகல் வித்தியாசம் குழந்தைக்குப் பிடிபட நீங்கள் உதவலாம். பகலில் அறையை இருட்டாக்காதீர்கள். சன்னல் திறந்திருக்கட்டும், மிக்ஸி ஓடட்டும், பேச்சுச் சத்தம் இருக்கட்டும். பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிப் பால் கொடுங்கள். இரவில் மங்கலான விளக்கொன்று போதும்; கொஞ்சாமல், பேசாமல் பால் கொடுத்துப் படுக்க வையுங்கள். துணி மாற்றுவதென்றால் ஒரு பக்கம் குடித்து முடித்ததும் மாற்றிவிட்டு மறுபக்கம் கொடுங்கள். குடித்துக் கண் மூடியபின் மாற்றினால் தூக்கம் கலைந்துவிடும். இன்னொன்று: பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறத்தாழ பாதி நேரம் கண் உருளும், கை கால் உதறும், முனகும், சிணுங்கும். அத்தனையும் தூக்கத்திலேயே நடப்பவை. முதல் முனகலிலேயே பாய்ந்து தூக்கும் தாய், தூங்குகிற குழந்தையைத் தானே எழுப்பிவிடுகிறாள். ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். அழுகை வலுத்தால் எடுங்கள்.

வயிறு நிறைந்தும் அழுகிற குழந்தைக்கு ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தார் 2022இல் ஒரு வழி சொன்னார்கள்: ஐந்து நிமிடம் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், தூங்கியதும் உடனே கிடத்தாமல், ஐந்து முதல் எட்டு நிமிடம் வரை கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் பிறகு கிடத்த வேண்டும். பேத்தியைத் தோளில் போட்டுக் கூடத்தில் நடந்த பாட்டிகள் அனைவரும் செய்ததுதான் இது. உங்கள் மாமியார் கதவைத் தட்டியது அதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

அவர் தூளி கட்டச் சொன்னால் பகலில், யாராவது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் போடுங்கள்; தூங்கியதும் எடுத்துச் சமதளத்தில் கிடத்துங்கள். தூளியில் கழுத்து மடங்கி முகவாய் மார்பில் முட்டலாம், சேலைத்துணி மூக்கில் விழலாம். எல்லாரும் தூங்கும் நேரத்தில் அதைக் கவனிக்க ஆளிருக்காது. இரவில் உறுதியான தட்டையான படுக்கையில், தலையணையும் கனத்த போர்வையும் இல்லாமல், மல்லாக்கப் படுக்க வைப்பது ஒன்றே முறை. கரூர் வெயிலுக்குத் தொப்பியும் கம்பளிச் சட்டையும் வேண்டாம். குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்குவாள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மல்லாக்கக் கிடத்தும் பழக்கம் பரவியபின், தூக்கத்திலேயே குழந்தைகள் திடீரென இறந்துபோவது பல நாடுகளில் பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது.

உங்கள் கணவர் சனிக்கிழமை களைத்து வருகிறார் என்பதால் எழுப்ப மனம் வரவில்லை என்கிறீர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து இரவுகள் ஓசூரில் முழுத் தூக்கம் தூங்கியவர் அவர். சனிக்கிழமை இரவு முழுதும், ஞாயிறு பகல் முழுதும், பால் கொடுப்பதைத் தவிர அத்தனையும் அவர் பார்க்கட்டும். அந்த ஓர் இரவு உங்கள் மாமியாரும் நிம்மதியாகத் தூங்கட்டும். வாரத்தில் ஓர் இரவுகூட மகளோடு விழித்திருக்காதவர், வருகிற விருந்தாளிகளிடம் தகப்பன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. நீங்களாகவே அவரை அப்படி ஆக்கிவிடாதீர்கள்.

பத்தாவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். வசம்பு பற்றி மருத்துவரே அவரிடம் சொல்லட்டும். அன்று குழந்தையின் எடையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: நாளொன்றுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் வரை ஏறியிருந்தால் பால் போதுமானதாக இருக்கிறது. அதற்கு முன்பே காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, ஒரு நாளில் ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் போனாலோ, எழுப்பியும் பால் குடிக்க எழாமல் துவண்டு கிடந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தை மாமியாரிடம் தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல், காரணமில்லாத அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் அதே மருத்துவரிடம் சொல்லுங்கள்; அல்லது அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.