கறுப்பில் ஆடினால் மட்டும் அதே நண்பரிடம் தோற்பது

செஸ்ஸில் கறுப்புக் காயில் ஆடினால் மட்டும் ஒரே நண்பரிடம் ஒன்பது ஆட்டம் தோற்றதாகச் சொல்லி, ஓர் ஆட்டத்தைப் போட்டிருந்தீர்கள். அதில் ஐந்தாவது நகர்வில் டி5 கட்டத்தில் இருக்கும் சிப்பாயைக் குதிரையால் வெட்டுகிறீர்களே, அதை நிறுத்துங்கள். சி6-ல் இருக்கும் குதிரையை ஏ5-க்குத் தூக்கி அவருடைய பிஷப்பைத் துரத்துங்கள்.

அந்த ஆட்டம் ‘ஃப்ரைடு லிவர்’ என்ற பழைய பொறிதான். நீங்கள் வெட்டியதும் அவர் ஜி5 குதிரையை எஃப்7-ல் பலி கொடுக்கிறார், உங்கள் ராஜா அதை வெட்டுகிறது, அவர் ராணி எஃப்3-க்கு வந்து செக், டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜாவே இ6-க்கு, அதாவது நடுத்தெருவுக்கு, வர வேண்டியிருக்கிறது. அவர் பெரிய ஆட்டக்காரர் என்றெல்லாம் தோன்றவில்லை. இந்த ஒரு வரிசையை மனப்பாடம் செய்திருக்கிறார், நீங்களும் தோற்ற சூட்டில் உடனே அடுத்த ஆட்டம் போட்டு அதே இடத்தில் போய் நிற்கிறீர்கள் (நானும் ஒரு வருடம் அப்படி நின்றவன்).

சந்தேகம் இருந்தால் ஒன்பது ஆட்டத்தையும் லிச்செஸ் என்ற செஸ் தளத்தில் ஏற்றி, எஞ்சினை (நல்ல நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் நிரலை) அணைத்துவிட்டு, எங்கே ‘ஐயோ’ என்று தோன்றியதோ அந்த நகர்வு எண்ணைக் குறியுங்கள். பெரும்பாலும் 5, 6 என்று வந்தால் இதுதான். 15-க்கு மேல் சிதறியிருந்தால் கோளாறு ஓப்பனிங்கில், அதாவது தொடக்க நகர்வுகளில், இல்லை, காயைக் கவனிக்காமல் விடுகிறீர்கள்.

ஒன்று, குதிரையை ஏ5-க்கு ஆடினால் உங்களுக்கு ஒரு சிப்பாய் போகும். அவர் பி5-ல் பிஷப் செக் வைப்பார், சி6-ல் சிப்பாயை வையுங்கள், வெட்டினால் பி சிப்பாயால் திருப்பி வெட்டுங்கள். பதிலுக்கு உங்கள் காய்கள் சீக்கிரம் வெளியே வரும். அந்தத் தலைவலியும் வேண்டாம் என்றால் மூன்றாவது நகர்வில் குதிரைக்குப் பதில் பிஷப்பை சி5-க்குக் கொண்டு வாருங்கள். உடனே அடுத்த நகர்வில் அவர் குதிரை ஜி5-க்கு வந்தால் உங்கள் ராணி சும்மா வெட்டிவிடும்.