பஸ் ரூட் வரையும் மகளுக்கு என்ன படிப்பு?

அம்மா, "பாடத்தைப் படிக்காமல் பஸ் ரூட்டை வரைந்துகொண்டே இருக்கிறாள்" என்று உங்கள் மகளின் நோட்டைக் காட்டி வருத்தப்பட்டீர்கள். அதில் குன்னூர் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மலை ரயிலுக்கு நீலம், பஸ்ஸுக்குச் சிவப்பு. ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே சின்னச் சின்னப் புள்ளிகள்: நடந்து போகும் வழி. ரயிலையும் பஸ்ஸையும் ஒரே படத்தில் சேர்க்கும்போது எளிதில் கோட்டைவிடும் இடமே அதுதான்.

லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931-ல் போட்ட படத்தை முதலில் ஏற்கவில்லை, 1933-ல்தான் அச்சேறியது. பூமிக்கடியில் போகிறவருக்கு வளைவு நெளிவு எதற்கு, எங்கே ஏறி எங்கே மாறுவது என்று தெரிந்தால் போதும் என்பது அவர் கணக்கு. மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரையுள்ள 208 வளைவுகளை உங்கள் மகள் ஒரே நேர்கோடாக்கியதும் அதே கணக்குதான், யாரும் சொல்லித்தராமலே! எளிமையாக்குவதில் அளவு மீறவும் கூடாது. நியூயார்க் சுரங்க ரயிலுக்கு 1972-ல் வந்த அழகான படம், ஊர் அமைப்போடு ஒத்துப்போகவில்லை என்ற புகார்களால் 1979-ல் மாற்றப்பட்டது.

அவளிடம் ஒன்று கேட்டேன். ஸ்டேஷனில் உதகமண்டலம், பஸ்ஸில் உதகை, சுற்றுலா வருபவர் வாயில் ஊட்டி. படத்தில் எதைப் போடுவாய்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "பஸ் போர்டில் இருப்பதைப் பெரிதாக, மற்றதைக் கீழே சின்னதாக. ஏறப்போகிறவர் கண் போர்டில்தானே இருக்கும்?" என்றாள். எனக்கு அப்படியே மனசு நிறைந்துவிட்டது.

சரி, படிப்புக்கு வருவோம். இதற்கென்று தனிப் பட்டம் தேட வேண்டாம், வடிவமைப்புக்கான இளநிலைப் பட்டமான பி.டெஸ். போதும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு 'டாட்' நுழைவுத் தேர்வு, மும்பை ஐஐடி போன்றவற்றுக்கு 'யூசீட்'. காமர்ஸ் மாணவி என்று பயப்படாதீர்கள், பிளஸ் டூவில் எந்தப் பிரிவானாலும் எழுதலாம். யூசீட்டில் கையால் வரையும் பகுதியும் உண்டு.

வேலை? சென்னையில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயிலை ஒருங்கிணைக்கவே கும்டா என்ற ஆணையம் இருக்கிறது. ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், இந்தத் துறையில் மார்க்கைவிடச் செய்த வேலைகளின் தொகுப்பைத்தான் முதலில் கேட்பார்கள்.

அதனால் நோட்டைப் பிடுங்கி வைக்காதீர்கள். இந்தச் சனிக்கிழமை அவளோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். கோத்தகிரிக்கு வழி தெரியாத ஒருவரிடம் படத்தைக் கொடுத்து, அவர் விரல் எங்கே தடுமாறி நிற்கிறது என்று அவள் குறித்துக்கொள்ளட்டும். அப்புறம் திருத்தி வரைந்ததில் தேதி போட்டு, பழைய படத்தோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.